நீலத் தண்ணி

— ஒருத்தர் விடாம எல்லாருக்கும்தான் மிஸ்ஸி. மேல் லயம், கீழ் லயம், புதுசா கட்டுன வீட்டு ஆளுக, யாரையும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லி அனுப்புனாரு. திருவிழாவுக்கு முன்னாடி முடிச்சிரணுமாம்.

— நில்லுங்கோ விஜயகலா அக்கா. உங்கடை மனுசன் இந்தத் தோட்டத்துக்குத் தலைவர். சங்கத்துக்கும் அவர்தான், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். எல்லாம் சரி. ஆனால் இஞ்சை மிட்வைஃப் நான். தலைவர் சொன்னார் எண்டு சனத்தை வரிசையிலை நிப்பாட்டி எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுக்க என்னாலை ஏலாது.

— ஏன் மிஸ்ஸி ஏலாது? ஊசி இருக்கு. சின்னப் புள்ளைகளப் பாத்துக்குற இந்தப் புள்ளக் காம்பராவுல மாசா மாசம் கிளினிக் நடக்குது. நீங்களும் இருக்கீங்க. ஆளுகள நாங்க கூட்டியாந்து விட்டுர்றோம். உங்களுக்குக் குத்துற வேல மட்டுந்தானே.

— குத்துறது சின்ன வேலையில்லை அக்கா. ஒருத்தர் தானா ஓம் எண்டு சொன்னால்தான் எடுக்கலாம். வாற முடிவையும் அவருக்கு மட்டும்தான் சொல்லலாம். தலைவருக்கும் சொல்லேலாது, கமிட்டிக்கும் சொல்லேலாது. கட்டாயம் எண்டு ஒண்டு இதிலை இல்லை.

— அப்ப தர்மிளா கல்யாணம் நின்னது நின்னதுதானா?

— எந்தத் தர்மிளா? நிரோஷனுக்குப் பேசின பிள்ளையே? ஏன், ஏன் நிண்டது? ரெண்டு கிழமை லீவிலை பருத்தித்துறைக்குப் போட்டு வாறன், அதுக்குள்ளை என்ன நடந்தது இஞ்சை?

— நடக்காதது என்னா இருக்கு. உக்காருங்க, சொல்றேன். உங்கள ஏத்தியாந்த ஆஸிக் தம்பிய கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, மழையில எப்புடியும் அவன் ஆட்டோ றக்வானைக்கு எறங்காது.

— சொல்லுங்கோ.

— ஒவ்வொரு வருசமும் திருவிழான்னா பாட்டுக் கோஷ்டிதானே கொண்டாருவாங்க. இந்த வருசம் எங்க வீட்டுக்காரரு, 'பாட்டு வேணாம், ரத்ததானம் வைப்போம்'னாரு. கமிட்டியில ஆளாளுக்கு மொகத்தப் பாத்தாங்க. புண்ணியம்னாரு. அப்புறம் ரெண்டு மூணு பேர தனியா கூப்புட்டு வெவரத்தச் சொல்லியிருக்காரு. 'நம்ம தோட்டத்துலயும் துபாய், குவைத்துன்னு போய் வந்ததுக இருக்கு, கொழும்புல கடைகள்ல நிக்கிறதுக இருக்கு. யாருக்கு என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ரத்தம் குடுத்தா அந்த நோயும் இருக்கா இல்லியான்னு பாத்துருவாங்க. யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல'ன்னு. தோட்டத்துல ரகசியம் எத்தன நாளைக்கு நிக்கும் மிஸ்ஸி? மறுநாளு காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல எல்லா வாயிலயும் இதே பேச்சுத்தான்.

— ஐயோ, அது பெரிய பிழை. நோய் இருக்கோ எண்டு பார்க்கிறதுக்கு ரத்ததானத்துக்குப் போகக் கூடாது. புதுசாத் தொத்தின ஆள் எண்டால் சோதனையிலை நோய் தெரியாமல் போகவும் கூடும். அந்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏறினால் ஆர் பொறுப்பு?

— இது எங்களுக்கு யாரு சொன்னா? சரி, கேளுங்க. திருவிழாவுக்கு முன்னாடியே ஒரு நாளு கோயில் மண்டபத்துல கட்டில் போட்டாங்க. வாசல்ல ஒரு மேச. மேசையில சின்னக் கண்ணாடிக் குவளை, அதுல நீலத் தண்ணி. வெரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்து அதுல விடுறாங்க. சிலரு சொட்டு கல்லு மாதிரி கீழ எறங்கிருது. அவுங்கள கட்டிலுக்கு அனுப்புறாங்க. சிலரு சொட்டு எறங்க மாட்டேங்குது, மேலயே மெதக்குது. அவுங்ககிட்ட அந்த சிங்கள மிஸ்ஸி மெதுவா என்னமோ சொல்லி, குளுச எழுதுன துண்டு ஒண்ணு கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிர்றாங்க. எங்க சனந்தான் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு பாக்குதே. எறங்குனா நல்ல ரத்தம், மெதந்தா நோய் ரத்தம்னு அங்கயே தீர்ப்பு எழுதிட்டாங்க.

— அந்த மிஸ் என்ன சொன்னவ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? இஞ்சை எல்லாரும் சிங்களம் தண்ணி மாதிரிக் கதைக்கிறியள்.

— கேட்டாங்க. 'லே மதி'ன்னு சொன்னாங்களாம், ரத்தம் பத்தாதுன்னு. எங்க ஆளுக நம்புமா? இத்தன பேருக்கு நடுவுல நோய்ப் பேர எந்த டொக்டரு வாய் விட்டுச் சொல்லுவாரு, மரியாதைக்கு ரத்தம் பத்தாதுன்னுதான் சொல்லுவாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுலயும் மெதந்தது பூராவும் பொம்பளைக. ஆம்பளைகளுக்கு அம்புட்டும் கீழ போயிருச்சு.

— தர்மிளாவுக்கும் மிதந்ததாக்கும்.

— ஆமாங்க. பாவம், புது சல்வார் போட்டுக்கிட்டு சிரிச்சிக்கிட்டே வந்துச்சு. நிரோசனோட அம்மா கருப்பாயி அக்கா ஜன்னல் பக்கம் நிக்குது, மருமக வர்றான்னு நாலு பேருகிட்ட காட்டிக்கிட்டு. சொட்டு விட்டாங்க. அது மேலயே நின்னு ஒரு சுத்து சுத்துச்சு. கருப்பாயி அக்கா அப்புடியே திரும்பி நடந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள பரிசம் போட்ட தட்டு, சேல, பூ, எல்லாம் திரும்பி வந்துருச்சு. நிரோசன் போனையும் எடுக்க மாட்டேங்குறானாம்.

— அந்தப் பிள்ளை என்ன செய்யிறாள் இப்ப?

— கொழுந்து எடுக்க மலைக்கு வர்றதில்ல. வந்தாலும் அது கூடைக்குப் பக்கத்துல கூட வைக்க மாட்டேங்குறாளுக. பீலியில தண்ணி புடிக்கப் போனா மத்தவளுக குடத்தத் தள்ளி வச்சிக்கிறாளுக. அப்பனும் இல்லாத புள்ள. அம்மாக்காரி வந்து எங்க வாசல்ல உக்காந்து அழுவுறா, தலைவரய்யா ஒரு வழி சொல்லுங்கன்னு. அதுக்குத்தான் மிஸ்ஸி கேக்குறேன். எல்லாருக்கும் நல்ல சோதனையா பண்ணிப்புடுங்க. தர்மிளாவுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துரும். தட்டு தானா திரும்பி வரும்.

— சரி. கட்டாயம் எண்டே வைப்பம். எல்லாருக்கும் பார்த்தாச்சு. தர்மிளாவுக்கு இல்லை. வேறை ஒருத்தருக்கு இருக்கு எண்டு வருது. அண்டைக்குப் பின்னேரம் பீலியிலை அந்த ஆளின்ரை குடத்தை ஆர் தள்ளி வைக்கப்போறது? நீங்களோ, கருப்பாயி அம்மாவோ?

— நான் தள்ளி வைக்க மாட்டேன். மத்தவளுக கைய யாரு புடிக்கிறது?

— அதைத்தான் நானும் கேக்கிறன். இல்லாத பிள்ளையையே இந்தப் பாடு படுத்துற சனம், இருக்கிற ஆளை என்ன செய்யும்?

— அதுக்காக தெரியாமலே இருந்துறலாமா? கல்யாணம்னா ஜாதகம் பாக்குறோம். பொருத்தம் இல்லன்னா எம்புட்டு ஆசப்பட்டாலும் வேணாங்கிறோம். அது கட்டாயம் இல்லியா? கிரகத்தப் பாக்கலாம், ரத்தத்தப் பாக்கக் கூடாதா? குவைத்துக்குப் போறதுன்னா மெடிக்கல்ல இதையும் பாத்துட்டுத்தானே ஏத்துறாங்க?

— அங்கை ஆளுக்காகப் பார்க்கிறேல்லை அக்கா, வேலைக்காகப் பார்க்கினம். இருந்தால் பாஸ்போட்டைத் திருப்பிக் குடுத்து அனுப்பிவிடுவினம். மருந்து குடுக்கிறதோ, பக்கத்திலை இருந்து ஆறுதலாக் கதைக்கிறதோ ஒண்டும் இல்லை. கலியாணம் கட்டப்போற ரெண்டு பேரும் விரும்பி வந்து பார்த்தால் நான் கும்பிட்டு வரவேற்பன். கமிட்டி இழுத்துக்கொண்டு வந்தால் மாட்டன். இழுக்கினம் எண்டு தெரிஞ்சால் பயந்த ஆள் முதல் நாளே கொழும்புக்கு பஸ் ஏறியிடும். பிறகு எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே கிடைக்காது.

— ஆனா வயித்துல புள்ள இருக்குறவளுக எல்லாருக்கும் நீங்க எடுக்குறீங்கதானே? என் மருமகளுக்கும் எடுத்தீங்க. ஏன் எடுத்தாங்கன்னு ஊருல ஒரு நாக்கு பேசுச்சா? பேசல. ஏன்? எல்லாருக்கும் எடுக்குறதால. ஒருத்தி மட்டும் தனியா போனாத்தான் மிஸ்ஸி ஊரு வாயில விழுவா.

— அது கேட்டுத்தான் எடுக்கிறது. வேண்டாம் எண்டால் விட்டிடுவம்.

— என்னாத்தக் கேட்டீங்க? 'கையை நீட்டுங்கோ'ன்னீங்க, அவ நீட்டுனா. நான் பக்கத்துலதான் நின்னேன். இதுல கேள்வி எங்க இருந்துச்சு?

— ம். அது உண்மைதான். வெளியிலை அவ்வளவு பேர் நிண்டால் நாங்களும் அவசரப்படுறனாங்கள். வடிவாக் கேக்கவேணும். நான் கேக்கேல்லை எண்டால் அது என்ரை பிழை. அதைக் காட்டி ஊருக்கே கட்டாயம் வை எண்டு கேக்காதேங்கோ.

— உங்களக் கோவிச்சிக்கல மிஸ்ஸி. நல்லதுதான் செஞ்சீங்க.

— சரி, இப்ப நான் ஒண்டு சொல்லுறன், அதை முதலிலை கேளுங்கோ. அந்த நீலத் தண்ணி மயில்துத்தம் கரைச்ச தண்ணி. அதிலை எந்த நோயும் தெரியாது.

— என்னா சொல்றீங்க?

— ரத்தத்திலை இரும்புச்சத்து காணுமோ எண்டு பார்க்கிற தண்ணி அது. சத்துள்ள ரத்தம் பாரம், தாழும். சத்தில்லாத ரத்தம் பாரமில்லை, மிதக்கும். மிதக்கிற ஆளிட்டை ரத்தம் எடுத்தால் அந்த ஆள் மயங்கி விழும், அதுதான் குளிசை எழுதிக் குடுத்து அனுப்புறது. அந்த மிஸ் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை, ரத்தம் காணாது. காலமை ரொட்டியும் சம்பலும், சாப்பிட்ட கையோடை சத்தைச் சேரவிடாத பிளேன்டீ, பின்னேரம் வரை மலையிலை நிற்கிறது. இந்தத் தோட்டத்துப் பொம்பிளையளிலை அரைவாசிப் பேருக்கு அந்தத் தண்ணியிலை மிதக்கத்தான் செய்யும். இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை, சாப்பாட்டைத்தான் பார்க்கவேணும்.

— நெசமா? மெதந்தா அந்த நோய் இல்லியா?

— மிதந்தால் ரத்தம் காணாது. அவ்வளவுதான்.

— நெசமாத்தானே சொல்றீங்க? என்னைய சமாதானப்படுத்துறதுக்குச் சொல்லலியே?

— உங்களை நான் ஏன் சமாதானப்படுத்த வேணும்? அக்கா, ஏன் எழும்புறியள்? இருங்கோ, முதலிலை இருங்கோ. கொஞ்சம் தண்ணி குடியுங்கோ.

— எனக்கும் மெதந்துச்சு மிஸ்ஸி.

— உங்களுக்கோ? அப்ப சனம்...

— விரதம்னு சொல்லிட்டேன். காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல, அதான் இப்புடின்னேன். தலைவரு பொண்டாட்டி சொன்னா யாரு மறுத்துப் பேசுவா? எல்லாரும் நம்பிட்டாங்க. நம்புன மாதிரி இருந்துட்டாங்க.

— நீங்கள் வாயைத் திறந்து எனக்கும் மிதந்தது எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தனிச்சிருக்க மாட்டாள்.

— தெரியுது. சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் மிஸ்ஸி. அன்னையிலருந்து என் தட்டு, கோப்ப எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிருக்கேன். பேரப்புள்ள ஓடியாந்து கால கட்டிக்கிட்டாலும் தூக்குறதில்ல. முதுகு வலின்னு சொல்லி வச்சிருக்கேன். அது மொகம் சுருங்கிப் போவுது, எனக்கு நெஞ்சே வெடிச்சிரும் போல இருக்கு.

— ஐயோ அக்கா. நோய் இருந்தாலும் தூக்கலாம், கொஞ்சலாம், ஒரே தட்டிலை சாப்பிடலாம். அதாலை ஒண்டும் தொத்தாது. ஆனால் ஒண்டு எனக்கு விளங்கேல்லை. தர்மிளா என்ரை ரத்தம் நல்ல ரத்தம் எண்டு சத்தம் போட்டிருப்பாள். வேறை ஆரும் எண்டால் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பினம். நீங்கள் ஏன் உடனை நம்பினனீங்கள்?

— அது வேணாங்க.

— வேண்டாமெண்டால் விடுங்கோ. நான் கேக்கேல்லை.

— இல்ல, கேளுங்க. யாருகிட்டயாவது சொல்லாட்டி நான் செத்துருவேன். நாலஞ்சு மாசமா எங்க வீட்டுக்காரரு மாசத்துல ஒரு நாளு ரத்தினபுரிக்குப் போறாரு. சங்க வேலங்கிறாரு. வரும்போது ஒரு போத்தல் குளுச கொண்டாராரு. பிரசருக்குங்கிறாரு. மேல ஒட்டியிருக்குற காயிதத்தச் சுரண்டிட்டுத்தான் கொண்டாராரு. நானும் பிரசருன்னுதான் நெனச்சேன். ஒரு நாளு அவரு குளுச தீந்து போச்சின்னு ஒரே தவிப்பா இருந்தாரு. சரி, நாமளே வாங்கிக் குடுப்போம்னு கீழ விழுந்து கெடந்த ஒண்ண எடுத்துக்கிட்டு டவுன்ல பாமசிக்குப் போனேன். அங்க நிக்குதே பாஹிமா, அதுகிட்ட காட்டுனேன். அதுல எழுதியிருந்தத போன்ல அடிச்சிப் பாத்துச்சு. அப்புறம் என்னைய உள்ள கூப்புட்டுச்சு. 'ஆன்ட்டி, இது பிரசருக்கு இல்ல, இத நாங்க விக்கிறதும் இல்ல, கவுருமெந்து கிளினிக்ல மட்டுந்தான் குடுப்பாங்க'ன்னுச்சு. எந்த கிளினிக்னு கேட்டேன். சொல்லிருச்சு.

— அக்கா, அவரைப் பற்றி என்னட்டை எதுவும் கேக்காதேங்கோ. எனக்குத் தெரிஞ்சாலும் சொல்லேலாது, தெரியாது எண்டும் சொல்லேலாது.

— கேக்கலீங்க. அவருகிட்டயே நான் கேக்கல. எப்புடிக் கேக்குறது? இருவத்தஞ்சு வருசமா ஒரு காம்பராவுல குடும்பம் நடத்துன மனுசன். இப்ப இந்தக் குளுர்லயும் வெளிய இஸ்தோப்புத் திண்ணையிலதான் பாய் போட்டுப் படுக்குறாரு. ஏன்னு கேட்டா 'நான் கொறட்ட விடுறேன், நீ தூங்கணும்'ங்கிறாரு. என்னமோ எனக்குக் கோவமா வருது, பாவமாவும் இருக்கு, ரெண்டும் ஒண்ணா வருது மிஸ்ஸி.

— வரத்தான் செய்யும்.

— அதான் மெதந்த ஒடனே எனக்கும் வந்துருச்சின்னு நம்பிட்டேன்.

— இப்ப விளங்குது. எல்லாருக்கும் கட்டாயம் எண்டால் நீங்களும் சனத்தோடை சனமா வரிசையிலை நிக்கலாம், ஏன் வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். அதுக்குத்தானே இவ்வளவு நேரமும் என்னோடை வாதாடினனீங்கள்?

— அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு, அது நெசந்தான். ஆனா நான் மனசாரப் பேசுனது நீங்க சொன்னதுக்குத்தான். தனியா எப்புடிங்க நான் போறது? அந்த கிளினிக் வாசல்ல நம்ம தோட்டத்து ஆளு ஒண்ணு பாத்தா போதாதா?

— ரத்தினபுரியிலை பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை, நம்பர்தான். நான் உங்களோடை வாறன். கர்ப்பிணியளின்ரை வேலையா மிஸ்ஸோடை போறன் எண்டு வீட்டிலை சொல்லுங்கோ. இல்லை எண்டு வந்தால் நிம்மதி. இருக்கு எண்டு வந்தால் ஒவ்வொரு நாளும் குளிசை, பேரப்பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் நிப்பியள். ரெண்டுக்கும் நான் பொறுப்பு.

— வர்றேன் மிஸ்ஸி. நீங்க கூட இருந்தா வர்றேன்.

— அதுக்கு முதல் தர்மிளாவின்ரை விசயம். இண்டைக்குப் பின்னேரம் கமிட்டி கூடுதாம் எண்டு ஆஸிக் சொன்னவன்.

— ஆமா. மெதந்தவளுக பால்குடம் எடுக்கக் கூடாதுன்னு பேசப் போறாங்க.

— நான் வந்து நீலத் தண்ணியைப் பற்றி விளங்கப்படுத்துறன். ஆனால் நான் சொன்னால் யாழ்ப்பாணத்து மிஸ் படிச்சதைச் சொல்லுறா எண்டு கேட்டுப்போட்டுப் போயிடுவினம். நீங்கள் எழும்பி எனக்கும் மிதந்தது எண்டு சொல்லவேணும்.

— சொல்றேன். கருப்பாயி அக்கா மொகத்தப் பாத்தே சொல்றேன். விரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, ரத்தம் பத்தலன்னு சொல்றேன். அந்தப் புள்ளைக்கு நான் பட்ட கடன் அது. ஆனா ஒண்ணு கேக்கணும் மிஸ்ஸி.

— கேளுங்கோ.

— அந்தத் தண்ணியில தெரியாதுன்னா, ரத்ததானத்துல அந்த நோய எப்பப் பாப்பாங்க?

— பையிலை எடுத்த ரத்தத்தைக் கொண்டுபோய் அங்கை லாபிலை பார்ப்பினம். ஏதும் இருந்தால் அந்த ஆளை மட்டும் இரகசியமாக் கூப்பிட்டுச் சொல்லுவினம்.

— பை எடுத்தாத்தானா?

— ஓம். எடுக்காத ரத்தத்திலை என்னத்தைப் பார்க்கிறது?

— என்கிட்ட எடுக்கலயே.

— இல்லை. மிதந்த உடனை அனுப்பிப்போட்டினமே.

— அன்னைக்குக் காலையில யாரும் வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி முதல் ஆளா நிப்பாட்டுனாரு மிஸ்ஸி. கல்யாணத்தன்னைக்குப் புடிச்ச கை, அதுக்கப்புறம் நாலு பேரு முன்னால அன்னைக்குத்தான் புடிச்சாரு. என்னைய வேணாம்னு அனுப்புனதும் அந்த டொக்டர்கிட்ட, 'இன்னொருக்கா பாருங்க, கொஞ்சமாவது எடுங்க, கொஞ்சம் எடுத்தாலும் போதும்'னு கெஞ்சுனாரு. ஊரு முன்னாடி மானம் போச்சின்னு பதறுறாருன்னு நான் நெனச்சேன்.

— அக்கா...

— 'எனக்கு இப்புடி ஆயிருச்சு, நீயும் போயி ஒருக்கா பாத்துக்க'ன்னு என்கிட்ட சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வரல. அதுக்குத்தான் ரத்ததானம். அது நடக்கலன்னதும் இப்ப ஊருக்கே கட்டாயம். அவருக்கு இந்தத் தோட்டத்துல வேற யாரு ரத்தமும் வேணாம் மிஸ்ஸி, என் ரத்தம் ஒண்ணுதான் வேணும்.